அலாஸ்கா கப்பலில் இடப்பக்கமா, வலப்பக்கமா?

கடிதத்தின் சுருக்கம்

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்கு வயது 62, கணவருக்கு 67. கணவருக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. சமதளத்தில் மெதுவாக நடப்பார். படியேறுவதும் நெடுநேரம் நிற்பதும் அவரால் முடியாது. இருவரும் ஜூன் மூன்றாம் வாரம் அலாஸ்கா கப்பல் பயணம் போக இருக்கிறார்கள். கனடாவின் வான்கூவரில் ஏறி, கெச்சிக்கன், ஜூனோ, ஸ்காக்வே, கிளேசியர் பே, காலேஜ் ஃபியோர்டு வழியாகப் போய் விட்டியர் துறைமுகத்தில் இறங்கும் ஏழு இரவுப் பயணம் அது. பெரிய கப்பல், பால்கனி கேபின்.

“வடக்கே போகும் கப்பலில் வலப்பக்கம்தான் எல்லாம் தெரியும்; இடப்பக்கம் எடுத்தால் வெறும் தண்ணீர்தான்” என்று உறவினர் ஒருவர் உறுதியாகச் சொல்லியிருக்கிறார். வலப்பக்கக் கேபின் வேண்டுமென்றால் இருவருக்கும் சேர்த்து 640 டாலர் கூடுதலாகும் என்கிறார் பயண முகவர். அதைக் கொடுக்கலாமா, எந்தத் தளத்தில் கேபின் எடுப்பது, இரண்டு பக்கமும் பார்ப்பதற்காக சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்கும் பயணத்துக்கு மாறிவிடலாமா என்று கேட்கிறார். கணவர் பெரும்பாலும் பால்கனியிலேயே உட்கார்ந்திருப்பார் என்பதால், பக்கம் தவறிப்போனால் ஒரு திமிங்கிலத்தைக்கூட அவர் பார்க்காமல் திரும்ப நேருமோ என்பதுதான் அவருடைய பெரிய கவலை.

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 640 டாலரை உடனே கொடுத்துவிடாதீர்கள். கப்பல் நிறுவனங்கள் பொதுவாக இடப்பக்கத்துக்கு ஒரு விலை, வலப்பக்கத்துக்கு ஒரு விலை என்று வைப்பதில்லை. தளம், கப்பலின் முன்பகுதியா நடுப்பகுதியா என்பது, பால்கனியின் அளவு, பார்வையை மறைக்கும் உயிர்காப்புப் படகுகள் ஆகியவற்றை வைத்துத்தான் கேபின்களை வகை பிரிக்கிறார்கள். ஒரே வகையில் நேரெதிரே இருக்கும் இரண்டு கேபின்களின் விலை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்.

அப்படியானால் இந்த 640 டாலர் எங்கிருந்து வந்தது? அநேகமாக முதலில் உங்களுக்குச் சொன்ன விலை ‘கேரண்டி’ கேபினுக்கு உரியதாக இருக்கும். அந்த வகையில் “இந்தத் தரத்துக்குக் குறையாமல் ஒரு கேபின் தருவோம், எண்ணை நாங்களே பிறகு முடிவு செய்வோம்” என்பதுதான் ஒப்பந்தம். பக்கத்தையும் இடத்தையும் நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது என்பதால் விலை குறைவு. கேபின் எண்ணை நீங்களே தேர்ந்தெடுக்கும் கட்டணம் கூடுதல். அப்படியானால் நீங்கள் கொடுக்கப்போவது தேர்ந்தெடுக்கும் உரிமைக்கான விலை, வலப்பக்கத்துக்கானது அல்ல. முகவரிடம் இரண்டு விலைகளையும் கேபின் வகைக் குறியீட்டோடு எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதே வகையில் இடப்பக்கக் கேபினுக்கு என்ன விலை என்றும் சேர்த்துக் கேளுங்கள். விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.

உங்கள் கணவரின் நிலையில் கேபினைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்குத் தேவையானதுதான். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். ஆனால் அதற்கான காரணம் உறவினர் சொன்ன காரணம் அல்ல.

உறவினர் சொன்னதில் எவ்வளவு உண்மை?

வரைபடத்தை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிபோலத்தான் தோன்றும். வடக்கே போகும்போது கண்டத்தின் பெருநிலம் வலப்பக்கம் இருக்கும். தெற்கே திரும்பும் கப்பலில் இடப்பக்கம் இருக்கும். ஆனால் இன்சைட் பாசேஜ் என்பது தீவுகளுக்கு நடுவே போகும் நீர்ப்பாதை. தீவுகளும் காடும் மலையும் வெண்தலைக் கழுகுகளும் இரண்டு கரையிலும் உண்டு. இடப்பக்கம் வெறும் தண்ணீர் என்பது பெரும்பாலும் அலாஸ்கா வளைகுடாவைக் கடக்கும் பகுதிக்குத்தான் பொருந்தும்.

பக்கத்தைப் பற்றி யோசிக்க ஒரே ஒரு அளவுகோல் போதும். கப்பல் போன வழியிலேயே திரும்பி வரும் இடத்தில் பக்கம் முக்கியமில்லை, போகும்போது இடப்பக்கம் இருந்தது வரும்போது வலப்பக்கம் வந்துவிடும். கப்பல் திரும்பி வராத இடத்தில், அதுவும் பகல் வெளிச்சம் உள்ள நேரத்தில் மட்டும்தான் பக்கம் முக்கியம். இந்த அளவுகோலை உங்கள் பயணத்தில் நாள்வாரியாக வைத்துப் பார்ப்போம்.

உங்கள் பாதையில், நாள்வாரியாக

வான்கூவரிலிருந்து கப்பல் மாலையில் கிளம்பும். சீமோர் நேரோஸ் என்ற குறுகிய நீரிணையில் ஓதநீரோட்டம் 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர்) வேகம்வரை போகக்கூடியது என்பதால், ஓட்டம் தணியும் நேரம் பார்த்துத்தான் பெரிய கப்பல்கள் அதைக் கடக்கும். அது பெரும்பாலும் இரவாக அமைந்துவிடும். அதை அடுத்து வரும் ஜான்ஸ்டன் நீரிணையில்தான் ஓர்க்கா எனும் கொலைத் திமிங்கிலங்கள் கூழாங்கல் கரையில் உடலை உரசிக்கொள்ளும் ராப்சன் பைட் என்ற சிறு விரிகுடா இருக்கிறது. அது வான்கூவர் தீவின் கரை, அதாவது வடக்கே போகும் உங்களுக்கு இடப்பக்கம். ஆனால் உங்கள் கப்பல் அந்த இடத்தைப் பெரும்பாலும் இருட்டில் கடந்துவிடும் என்பதால் கணக்கில் சேர்க்க வேண்டாம். மறுநாள் திறந்த கடல். இரு கரையும் தூரம். கெச்சிக்கன், ஜூனோ, ஸ்காக்வே மூன்றும் துறைமுக நாட்கள். கரையை ஒட்டி எந்தப் பக்கம் கட்டுவார்கள் என்பது அன்றன்றைக்கு முடிவாவது; முன்கூட்டியே சொல்ல முடியாது.

முக்கியமான நாள் கிளேசியர் பே. ஸ்காக்வேயிலிருந்து இரவில் கிளம்பும் கப்பல் லின் கால்வாய் வழியாகத் தெற்கே வந்து, மேற்கே திரும்பி ஐசி நீரிணையில் நுழையும். இங்கே சிச்சகாஃப் தீவின் வடமுனையில் உள்ள பாயிண்ட் அடால்ஃபஸ் பகுதி, ஹம்ப்பேக் திமிங்கிலங்கள் கோடை முழுவதும் இரைதேடும் புகழ்பெற்ற இடம். மேற்கே போகும் கப்பலுக்கு அது இடப்பக்கம்! வலப்பக்கத்துக்காகக் கூடுதல் பணம் கொடுத்தவர்கள், திமிங்கிலம் தென்பட வாய்ப்பு மிகுந்த இந்த நீர்ப்பகுதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஜூனில் அங்கே ஏறக்குறைய 18 மணி நேரம் பகல். விடியற்காலை 5 மணிக்கே நல்ல வெளிச்சம் இருக்கும்.

கிளேசியர் பேக்குள் நுழைந்தபின் தேசியப் பூங்காவின் ரேஞ்சர்கள் கப்பலில் ஏறி நாள் முழுவதும் ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்வார்கள். மேலே போகும்போது கடற்சிங்கங்களும் பஃபின் பறவைகளும் உள்ள தெற்கு மார்பிள் தீவு பெரும்பாலும் வலப்பக்கம் வரும். மலையாடுகள் மேயும் குளூமி நாப் என்ற பாறைக்குன்றும் வலப்பக்கம்தான். ரீட், லாம்ப்லு பனியாறுகள் இடப்பக்கம். டார் இன்லெட் என்ற குறுகிய கடற்கிளையின் கோடியில், நீருக்குமேல் சுமார் 75 மீட்டர் உயரமும் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் அகலமும் கொண்ட மார்ஜரி பனியாறு இடப்பக்கம் இருக்கிறது. அங்கே கப்பல் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நிற்கும். அப்போது கேப்டன் கப்பலை நின்ற இடத்திலேயே மெல்லத் திருப்பி இரண்டு பக்கத்துக்கும் காட்டுவது வழக்கம். பிறகு வந்த வழியிலேயே வெளியேறும். ஆகவே காலையில் உங்கள் பால்கனிக்குத் தெரியாதது மாலையில் தெரியும். பனியாற்றைத் தவறவிட்டுவிடுவோமோ என்று நீங்கள் பயப்பட வேண்டியதே இல்லை.

(விளம்பரப் படங்களில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் இன்லெட்டைப் பார்த்திருந்தால், அதை எதிர்பார்க்க வேண்டாம். சீல்கள் குட்டி போடும் காலம் என்பதால் மே 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பயணிகள் கப்பல்கள் அங்கே போகக்கூடாது என்பது பூங்காவின் விதி.)

அன்று மாலை கப்பல் திறந்த கடலுக்கு வந்து, மறுநாள் பகலில் அலாஸ்கா வளைகுடாவைக் கடக்கும். உங்கள் பயணத்தில் கப்பல் திரும்பி வராத நீண்ட பகல்நேரப் பாதை என்று சொன்னால் இது ஒன்றுதான். கரை வலப்பக்கம். வானம் தெளிந்திருந்தால் 4,671 மீட்டர் உயர ஃபேர்வெதர் சிகரமும் அதையடுத்த பனிமலைத் தொடரும் தெரியும். பிற்பகலில் வெயில் கப்பலுக்கு இடப்புறமிருந்து வந்து அந்த மலைகள்மேல் விழும். வலப்பக்கப் பால்கனியில் நிழலில் உட்கார்ந்து பார்க்கலாம். வலப்பக்கத்துக்கு உள்ள உண்மையான சாதகம் இதுதான். ஆனால் இதற்கு இரண்டு நிபந்தனைகள்: மேகம் விலக வேண்டும், கப்பல் கரையிலிருந்து ரொம்பத் தள்ளிப் போகாமல் இருக்க வேண்டும். இரண்டும் உங்கள் கையில் இல்லை.

கடைசி மாலை காலேஜ் ஃபியோர்டு. 1899-ல் வந்த ஹாரிமன் ஆய்வுக்குழு இங்குள்ள பனியாறுகளுக்கு அமெரிக்கக் கல்லூரிகளின் பெயர்களை வைத்தது. உள்ளே போகும்போது வெல்லஸ்லி, வாசர், பிரின்மார், ஸ்மித் எல்லாம் வரிசையாக இடப்பக்கம், கப்பலுக்கு நேர்முன்னே ஹார்வர்டு. கோடியில் கப்பல் திரும்பி அதே வழியில் வரும். ஜூனில் இரவு 11 மணிக்குப் பிறகும் வெளிச்சம் இருப்பதால் எந்தப் பக்கமானாலும் பார்த்துவிடலாம். இதே பயணத்தைச் செப்டம்பரில் போனால் திரும்பும்போது இருட்டிவிடலாம்; அப்போது இடப்பக்கம்தான் நல்லது என்பேன்.

ஆக, ஒரே விலையில், ஒரே மாதிரி இடத்தில் இரண்டு பக்கமும் கிடைத்தால் அந்த ஒரு வளைகுடா நாளுக்காக வலப்பக்கம் எடுங்கள். வலப்பக்கத்தில் கிடைப்பது மோசமான இடம், இடப்பக்கத்தில் கிடைப்பது நல்ல இடம் என்றால், தயங்காமல் இடப்பக்கம் எடுங்கள்.

பக்கத்தைவிட முக்கியமானவை

உங்கள் கணவர் உட்கார்ந்தபடியே பார்க்கப் போகிறவர். அப்படியானால் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது பால்கனித் தடுப்பு கண்ணாடியா, இரும்புத் தகடா என்பதை. சில கப்பல்களில், குறிப்பாக முன்பகுதியிலும் கீழ்த்தளங்களிலும், தடுப்பு முழுக்கத் தகடாக இருக்கும். நிற்பவருக்கு அது தொந்தரவில்லை. உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே வெள்ளைச் சுவர்தான். ஏழு நாளும் அவர் அதையே பார்த்துக்கொண்டிருக்க நேரும். தவறான பக்கத்தால் வரும் நஷ்டம் இதற்குப் பக்கத்தில்கூட வராது.

தளத்தைப் பொறுத்தவரை, உயரம் கூடினால் காட்சியும் கூடும் என்று நினைக்கிறீர்கள். நீர்மட்டத்திலிருந்து 12 மீட்டர் உயரத்தில் தொடுவானம் 12 கிலோமீட்டர் தூரம். 25 மீட்டரில் சுமார் 18 கிலோமீட்டர். ஆனால் திமிங்கிலத்தை அடையாளம் கண்டு ரசிப்பது இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள்தான். ஹம்ப்பேக்கின் மூச்சுத் தாரை ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரம். மிதக்கும் கடல் நீர்நாயின் தலையோ மிகச் சிறிய புள்ளி. உச்சித் தளத்திலிருந்து பார்த்தால் அவை இன்னும் சிறுத்துப்போகும். விலங்குகளுக்காகவே போகிறவர்களுக்குப் பால்கனி உள்ள தளங்களில் கீழ்ப்பாதி நல்லது. ஒரே ஒரு எச்சரிக்கை: உயிர்காப்புப் படகுகளுக்கு நேர்மேலே உள்ள தளம் வேண்டாம். தூரத்துக் காட்சி மறையாவிட்டாலும், கப்பலை ஒட்டிய தண்ணீரைப் படகுகளின் கூரை மறைத்துவிடும்.

நீளவாக்கில் நடுப்பகுதிதான் உங்களுக்கு ஏற்றது. வளைகுடாவில் அலை இருக்கும்போது ஆட்டம் அங்கேதான் குறைவு. மாற்று மூட்டு உள்ளவர் ஆடும் தரையில் நடப்பது ஆபத்து. லிஃப்ட்டிலிருந்து நான்கைந்து கதவு தள்ளி எடுங்கள். ஒட்டியே எடுத்தால் சத்தம், ரொம்பத் தள்ளிப்போனால் நடை. பின்பக்கம் பார்த்த கேபின்களில் இரண்டு கரையும் தெரியும், காற்றும் குறைவு. ஆனால் பெரும்பாலும் லிஃப்ட்டிலிருந்து நீண்ட தாழ்வாரத்தைக் கடக்க வேண்டியிருக்கும், எஞ்சின் அதிர்வும் உண்டு. நடக்க முடிந்தவர்களுக்கு அதை நான் தாராளமாகச் சொல்வேன். உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

டெக் பிளானில், அதாவது கப்பலின் தள வரைபடத்தில், பக்கத்தைக் கண்டுபிடிப்பதில் பலர் தடுமாறுகிறார்கள். படத்தில் கப்பலின் முனை மேலே இருந்தால் இடப்பக்கம் இடப்பக்கமேதான். முனை இடதுபுறம் பார்த்திருந்தால் படத்தின் கீழ்வரிசை இடப்பக்கம், மேல்வரிசை வலப்பக்கம். முனை வலதுபுறம் பார்த்திருந்தால் தலைகீழ். ஒற்றைப்படை, இரட்டைப்படை எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். எல்லா நிறுவனமும் ஒரே முறையில் எண்ணிடுவதில்லை.

சியாட்டில் பயணத்துக்கு மாறலாமா?

வேண்டாம். போகவர இரண்டு வழியும் கிடைக்கும் என்பது சரிதான். ஆனால் சியாட்டிலிலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்கள் பல, வான்கூவர் தீவுக்கு மேற்கே, திறந்த பசிபிக்கில் போய்த் திரும்புகின்றன. தீவுகளுக்கு நடுவே போகும் இதமான பகுதி குறைந்து, ஆட்டம் கூடும். அமெரிக்காவின் 1886-ம் ஆண்டுப் பயணிகள் கப்பல் சட்டத்தால், வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் வழியில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டே ஆக வேண்டும். அதற்காகக் கனடாவின் விக்டோரியாவில் ஒரு மாலை நிற்கும். காலேஜ் ஃபியோர்டும் வளைகுடா மலைகளும் அந்தப் பயணத்தில் வராது. இரு வழியும் வேண்டுமென்றே இருந்தால் வான்கூவரில் ஏறி வான்கூவரில் இறங்கும் பயணத்தைப் பாருங்கள். அது தீவுகளுக்கு உள்ளே போய்வருவது. ஆனாலும் நீங்கள் இப்போது தேர்ந்தெடுத்திருக்கும் பாதையை மாற்றக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

திமிங்கிலத்துக்கு எதை நம்புவது?

பெரிய கப்பல் தன் வழியில் போகும், திமிங்கிலத்துக்காக நிற்காது. எந்தப் பக்கம் எழும் என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் கணவர் திமிங்கிலத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள் அல்லவா? அந்தப் பணத்தை ஜூனோவில் செலவழியுங்கள். ஆக் பே படகுத்துறையிலிருந்து சிறு படகுகளில் மூன்று நான்கு மணி நேரம் கூட்டிப்போகிறார்கள். தலைக்குச் சுமார் 150 முதல் 200 டாலர். திமிங்கிலம் தென்படாவிட்டால் ஒரு பகுதிப் பணத்தைத் திருப்பித் தருவதாகவே சில நிறுவனங்கள் எழுதி வைத்திருக்கின்றன. ஹம்ப்பேக்கை 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்பது அங்குள்ள சட்டம். அந்தத் தூரமே கப்பல் பால்கனியிலிருந்து கிடைப்பதைவிடப் பல மடங்கு நெருக்கம். பதிவு செய்யுமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள்: பேருந்திலும் படகிலும் ஏற எத்தனை படி, கைப்பிடி உண்டா, உள்ளே சன்னலோர இருக்கை உண்டா, கழிப்பறை உண்டா.

கப்பலில் அறிவிப்பு கடிகார முறையில் வரும். கப்பலின் முனை 12 மணி. வலப்பக்கப் பால்கனிக்கு 12 முதல் 6 வரை தெரியும். இடப்பக்கத்துக்கு 6 முதல் 12 வரை. “10 மணித் திசையில் திமிங்கிலம்” என்றால் வலப்பக்கத்தில் இருப்பவர் எழுந்து ஓட வேண்டியதுதான். உங்கள் கணவரால் அது முடியாது என்பதால் கிளேசியர் பே நாளில் மட்டும் வேறு ஏற்பாடு செய்யுங்கள். பல கப்பல்களில் முன்பகுதியில் மூன்று பக்கமும் கண்ணாடி போட்ட லவுஞ்ச் இருக்கும். காலை 6 மணிக்கே போய்ச் சன்னலோர நாற்காலியைப் பிடித்துவிட்டால் இரண்டு கரையையும் உட்கார்ந்தபடியே பார்ப்பார்.

பைனாகுலர் ஆளுக்கொன்று வேண்டும். 8x42 (8 மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. வில்லை) போதும், 10 மடங்குக்கு மேல் போனால் கப்பலின் அதிர்வில் காட்சி நடுங்கும். கரையோர மரங்களில் கோல்ஃப் பந்து மாதிரி வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் அதன்மேல் வையுங்கள், பெரும்பாலும் வெண்தலைக் கழுகாக இருக்கும்.

பணம் கட்டுமுன்

பயண ஒப்பந்தத்தைப் படியுங்கள். மூடுபனி, பனிக்கட்டி, காற்று காரணமாகப் பாதையை மாற்றவும் ஓர் இடத்தைத் தவிர்க்கவும் கேப்டனுக்கு முழு உரிமை உண்டு என்றுதான் அதில் இருக்கும். அப்படி ஓர் இடம் விடுபட்டால் அதற்கான துறைமுகக் கட்டணமும் வரியும் திரும்ப வரலாம். பயணக் கட்டணத்தில் பங்கு கேட்க முடியாது. எந்தப் பக்கக் காட்சிக்கும் யாரும் உத்தரவாதம் தருவதில்லை. முகவர் வாயால் சொல்வது ஒப்பந்தம் ஆகாது.

கேபின் எண் உறுதியான பிறகும் நிறுவனம் உங்களை அதே வகையிலோ மேல் வகையிலோ வேறு கேபினுக்கு மாற்றலாம். ‘இலவச அப்கிரேட்’ என்று சந்தோஷமாக வரும் செய்தி, லிஃப்ட்டிலிருந்து தூரத்தில் உள்ள கேபினில் கொண்டுபோய் விட்டுவிடும். அதனால் பதிவில் “அப்கிரேட் வேண்டாம்” என்று குறிக்கச் சொல்லி, அந்தக் குறிப்பு உறுதிச்சீட்டில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். கணவரின் முழங்கால் நிலையையும் நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கைப்பிடி உள்ள குளியலறையும், பால்கனிக் கதவில் தடுக்காத வாசற்படியும் வேண்டுமென்றால் அதையும் இப்போதே கேட்க வேண்டும். அப்படிப்பட்ட கேபின்கள் சில மட்டுமே, அவைதான் முதலில் தீர்ந்துபோகும்.